தளை தட்டும் இடம்



பத்தாம் ஆண்டு விழாவில் யாப்பைப் பற்றி நான் பேச வேண்டும் என்று செயலாளர் ஐயா பணித்தார்கள். யாப்பைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஆயினும் நேர்வழியில் செல்லாமல், இயற்பியல் துறையின் கதவைத் தட்டிவிட்டு வரப் போகிறேன். பொறுத்தருள வேண்டுகிறேன். அறிவியலில் நான் மாணவி. பிழை இருந்தால் அது எனக்குச் சொல்லித் தந்தவர்களுடையதன்று.

சில மாதங்களுக்கு முன் எங்கள் கல்லூரி இயற்பியல் துறை நண்பர் ஒருவர் என்னிடம் வந்தார். மூலக்கூறுகளின் அமைப்பைப் பற்றித் தமிழில் ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார். "மேடம், 'கிளாஷ்' என்பதற்கு ஒரு சொல் வேண்டும்" என்றார். "மோதல்" என்றேன். அவர் தலையசைத்து மறுத்தார். மோதலுக்கு ஓட்டம் வேண்டும். இங்கே எதுவும் ஓடவில்லை. ஆய்வாளர் வரைந்த மாதிரியில் இரண்டு அணுக்கள் இருக்கத் தகாத அளவுக்கு நெருக்கமாக நிற்கின்றன, அவ்வளவே என்றார். அப்போதுதான் நம் வீட்டுப் பேச்சு நினைவுக்கு வந்தது. பேருந்தில் இருவர் இருக்கையில் மூவர் அமர்ந்தால் தோள் இடிக்கிறது. ஒருவர் சொல்லும் கதையில் பொருத்தமில்லாதது ஒன்று இருந்தால் "எங்கேயோ இடிக்கிறதே" என்கிறோம். "இடிப்பு" என்று எழுதுங்கள் என்றேன். அவருக்கு நிறைவு. எனக்குத்தான் நிறைவில்லை. அன்றிரவு முழுவதும் இன்னொரு சொல் மனத்தில் கிடந்து உறுத்தியது. அந்தச் சொல்லை இந்த அவையில் இருப்பவர்கள் எல்லோரும் அறிவீர்கள்: தளை தட்டுதல்.

அந்தச் சொல்லால் நான் இந்த வட்டத்திலேயே ஓர் இளங்கவிஞரைப் புண்படுத்தியிருக்கிறேன். அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

முதலில் அளவு. ஒரு மில்லிமீட்டரைக் கோடி கூறாக்கினால் ஒரு கூறுக்கு ஆங்ஸ்ட்ராம் என்று பெயர். அணுக்களின் உலகில் முழக்கோல் இதுதான். இரண்டு கரி அணுக்கள் வேதிப் பிணைப்பால் கட்டுண்டிருந்தால் அவற்றின் நடுவங்களுக்கு இடையே ஏறத்தாழ 1.54 ஆங்ஸ்ட்ராம் இருக்கும். கட்டுண்ணாத கரி அணுக்கள் அத்துணை நெருங்க இயலாது. ஒவ்வோர் அணுவுக்கும் தனக்கென ஒரு வெளி உண்டு. டச்சு அறிஞர் வான் டெர் வால்சின் பெயரால் அதன் ஆரத்தைக் குறிக்கிறார்கள். கரிக்கு 1.7, ஆக்சிஜனுக்கு ஏறத்தாழ 1.5, ஹைட்ரஜனுக்கு 1.2. ஆகவே உறவில்லாத இரு கரி அணுக்கள் 3.4 ஆங்ஸ்ட்ராம் விலகி நின்றால் இடைஞ்சல் இல்லை. அதைவிட மிகக் குறைந்தால் இடிக்கும். இதற்கு ஒரு விலக்கு உண்டு. ஹைட்ரஜன் பிணைப்பு என்னும் மென்மையான ஈர்ப்பு அமைந்த இடத்தில், ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் தத்தம் வெளிகளை விட்டுக்கொடுத்து 2 ஆங்ஸ்ட்ராம் அளவுக்குக்கூட நெருங்கிக்கொள்ளும். உறவு இருக்குமிடத்தில் நெருக்கம் குற்றமாகாது போலும்.

இந்தத் தொடுதொலைவுகளின் வரலாற்றில் ஒரு பெரிய இயல் நம் சென்னையிலேயே எழுதப்பட்டது என்பதை நான் நாற்பது வயதுக்குமேல்தான் அறிந்தேன். தமிழ் படித்தவள் என்பது அதற்குச் சமாதானம் ஆகாது. எர்ணாகுளத்தில் 1922 இல் பிறந்த கோ. நா. இராமச்சந்திரன், 1952 இல், முப்பது வயதை ஒட்டிய பருவத்தில், சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தார். தோலிலும் எலும்பிலும் தசைநாணிலும் இருக்கும் கொலாஜன் என்னும் புரதத்தின் வடிவம் என்ன என்பது அப்போது விடை காணாத வினா. இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் அதை எடுத்துக்கொண்டார்கள். 1954 இலும் 1955 இலும் 'நேச்சர்' இதழில் அவர்கள் அறிவித்த விடை: மூன்று இழைகள், கயிறு திரிப்பதுபோல் ஒன்றையொன்று சுற்றிக்கொண்ட முப்புரி.

முப்புரிக்குள் ஒரு நுட்பம் இருக்கிறது. புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த மாலை. கொலாஜனில் ஒவ்வொரு மூன்றாம் மணியும் கிளைசின் என்பதாகவே இருக்கும். அமினோ அமிலங்களுள் மிகச் சிறியது அதுதான். பிற அமிலங்களுக்கு உள்ள பக்கக்கிளை அதற்கு இல்லை, அவ்விடத்தில் ஒரு ஹைட்ரஜன் மட்டும். மூன்று இழைகளும் நடுவே கூடுமிடத்தில் அதற்கு மேல் எதற்கும் இடமில்லை. இங்கே கிளைசின் இருந்த இடத்தில் வேறோர் அமிலம் வந்துவிட்டால் என்ன நேரும்? நடுவில் இடிக்கும், முறுக்கு அவ்விடத்தில் நெகிழும். எலும்புக் கொலாஜனில் மரபணுப் பிழையால் இது நேர்ந்த குழந்தைகளுக்கு, தூக்கியெடுத்தாலே எலும்பு முறியும் அளவுக்கு நொய்ம்மை வருவதுண்டு. சிலர் பிறந்து நெடுநாள் இருப்பதில்லை. இதைப் படித்த அன்று நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். தளை தட்டினால் ஒரு வெண்பா கெடும் என்று நாம் வருந்துகிறோம்.

இராமச்சந்திரனின் கதைக்குத் திரும்புவோம். அவருடைய முப்புரிக்கு எதிர்ப்பு எழுந்தது. எழுப்பியவர்களுள் ஒருவர், மரபணுவின் இரட்டைச் சுருளைக் கண்ட பிரான்சிசு கிரிக். மற்றவர் அலெக்சாண்டர் ரிச். 1955 இல் அவர்கள் வேறொரு முப்புரியை முன்வைத்தார்கள். பொதுவடிவம் ஒன்றே, நுட்பங்கள் வேறு. சென்னை மாதிரியில் மூன்று மணிகளுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு, அவர்களுடையதில் ஒன்று. சென்னை மாதிரியில் சில அணுக்கள் ஏற்க முடியாத அளவு நெருங்கியிருக்கின்றன என்பது அவர்கள் கூறிய குறை. நம் மொழியில் சொன்னால், தளை தட்டுகிறது என்றார்கள்.

இந்த இடத்தில் வேறொருவராக இருந்தால் மறுப்புரை எழுதி, மறுப்புக்கு மறுப்பு எழுதி, வாழ்நாளைக் கழித்திருப்பார். நம் இலக்கிய உலகில் அப்படிப்பட்ட போர்கள் எத்தனை! இராமச்சந்திரன் கேட்ட கேள்வி வேறு. நெருக்கம் தகாது என்கிறீர்கள். எந்த அளவு தகும், எந்த அளவு தகாது என்று எங்கே எழுதியிருக்கிறது? யாரும் முறையாகத் தொகுத்திருக்கவில்லை. அவரும் வி. சசிசேகரனும் அதுவரை துல்லியமாக அறியப்பட்டிருந்த சிறு படிகங்களின் அமைப்புகளைத் தேடித் தொகுத்து, எந்தெந்த அணு எதற்கு எத்துணை அருகில் உண்மையிலேயே காணப்படுகிறது என்று பார்த்தார்கள். அதிலிருந்து ஒவ்வோர் இணைக்கும் இரண்டு எல்லைகளை வகுத்தார்கள். ஒன்று இயல்பெல்லை, பலவிடத்தும் காணக்கிடைப்பது. மற்றது புறவெல்லை, அரிதாகக் காணப்படுவது, அதற்கும் கீழே போகலாகாது. கரிக்கும் கரிக்கும் 3.2, 3.0. கரிக்கும் ஆக்சிஜனுக்கும் 2.8, 2.7. ஹைட்ரஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் 2.0, 1.9.

எனக்கு இந்த இரட்டை எல்லை மிகவும் பிடித்திருக்கிறது. சான்றோர் செய்யுள் வழக்கைக் கண்டு, பெருவரவிற்று இது, சிறுபான்மை இது என்று பிரித்துச் சொல்வது நம் இலக்கண ஆசிரியர்களின் மரபு. முதலில் இலக்கியம், அதன்பின் இலக்கணம். கற்பனையாகத் தடை விதிக்காமல், இருப்பதைப் பார்த்து எல்லை வகுத்ததில் சென்னை இயற்பியலாளர்கள் அந்த மரபுக்கே உரியவர்கள்.

எல்லை கிடைத்தபின் அவர்கள் செய்ததுதான் உலகப் புகழ் பெற்றது. மாலையின் ஒவ்வொரு மணியிலும் இரண்டு திருகு முனைகள் உண்டு; அவற்றின் கோணங்களுக்கு ஃபை, சை என்று பெயர். இரண்டையும் சிறிது சிறிதாகத் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் அணுக்களின் தொலைவுகளைக் கணக்கிட்டு, அட்டவணையோடு ஒப்பிட்டு, இடித்தால் அந்த நிலையை விலக்கினார்கள். கணக்கிட்டவர்கள் சி. இராமகிருஷ்ணனும் சசிசேகரனும். கணிப்பொறி வாய்க்காத நாளில், மேசைக் கணக்கிடும் பொறியைச் சுழற்றிச் சுழற்றிக் கண்ட விடைகள். 1963 இல் அது கட்டுரையாக வெளிவந்தது. ஒரு சதுரக் கட்டம், அதில் இடிக்காத நிலைகள் சில தீவுகளாக நிற்கின்றன, எஞ்சியதெல்லாம் கடல். கிளைசின் அல்லாத மணிகளுக்கு முழு இசைவுள்ள நிலம், மொத்தப் பரப்பில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. இராமச்சந்திரன் வரைபடம் என்று உலகம் முழுவதும் இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். பின்னாளில் அமைப்பு அறியப்பட்ட புரதங்களின் மணிகளில் மிகப் பெரும்பாலானவை அந்தத் தீவுகளிலேயே வந்து விழுந்தன.

வெண்பாவுக்கு ஏழு தளைகளில் இரண்டே இசையும் என்பதை மாணவர்க்குச் சொல்லும்போது, "இவ்வளவு தடையா!" என்று பெருமூச்சு விடுவார்கள். இனி அவர்களுக்கு இந்தத் தீவுகளைக் காட்டலாம் என்றிருக்கிறேன். அத்தனை கடலுக்கு நடுவே அந்தச் சிறு நிலத்தில் நின்றுகொண்டுதான் நம் குருதியும் கண்ணும் நகமும் உருவாகியிருக்கின்றன.

கிரிக் சொன்ன குறை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. 1968 இல் இராமச்சந்திரனே ஆர். சந்திரசேகரனோடு சேர்ந்து, இரண்டாம் பிணைப்பு நேரடியாக அன்றி, இடையில் ஒரு நீர் மூலக்கூற்றின் வழியாக அமையலாம் என்று எழுதினார். 1994 இல் கொலாஜனை ஒத்த ஒரு சிறு மூலக்கூற்றின் படிகம் துல்லியமாக ஆராயப்பட்டபோது, நேரடிப் பிணைப்பு மூன்று மணிகளுக்கு ஒன்று. சுற்றிலும் நீரின் பாலங்கள். நண்பர் இதைச் சொல்லி முடித்தபோது, "அப்படியானால் வென்றது யார்?" என்று கேட்டேன். "அந்தச் சண்டை வராதிருந்தால் வரைபடம் வந்திருக்குமா மேடம்?" என்றார் அவர்.

இனி நம் காலத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜேன் ரிச்சர்ட்சன், டேவிட் ரிச்சர்ட்சன் என்னும் இணையர். அம்மையார் பட்டம் பெற்றது மெய்யியலில் என்று அறிந்தபோது எனக்குக் கொஞ்சம் துணிவு வந்தது. இவர்கள் குழு 1999 இல் ஒரு முறையை வெளியிட்டது. எக்ஸ் கதிர்ப் படத்தில் ஹைட்ரஜன் அணுக்கள் பெரும்பாலும் தெரிவதில்லை. ஆகவே மாதிரி கட்டுவோர் அவற்றை விட்டுவிடுவது வழக்கமாக இருந்தது. புரதத்தின் அணுக்களில் ஏறத்தாழப் பாதி ஹைட்ரஜன்! பாதிப் பேரை விட்டுவிட்டு இருக்கை போதும் என்று சொன்னால் எப்படி? இவர்கள் ஹைட்ரஜன்களை உரிய இடத்தில் சேர்த்தார்கள். பின்பு, கால் ஆங்ஸ்ட்ராம் ஆரமுள்ள ஒரு சிறு பந்தை ஒவ்வோர் அணுவின் மேலும் கணிப்பொறிக்குள் உருட்டினார்கள். பந்து அடுத்த அணுவைத் தொடும் இடமெல்லாம் ஒரு புள்ளி. நல்ல தொடுகைக்குப் பச்சையும் நீலமும். இரண்டு அணுக்களின் வெளிகள் 0.4 ஆங்ஸ்ட்ராமும் அதற்கு மேலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிட்டால் இளஞ்சிவப்பு முட்கள். ஆயிரம் அணுக்களுக்கு இத்தகைய இடிப்பு எத்தனை என்று எண்ணி மதிப்பெண் போடுகிறார்கள். குறையக் குறைய நன்று. 1971 இல் தொடங்கிய உலகப் புரதத் தரவு வங்கி, தன்னிடம் வரும் மாதிரிகளுக்கு வழங்கும் ஆய்வறிக்கையில் இந்த எண்ணும் இராமச்சந்திரன் வரைபடத் தேர்ச்சியும் இடம்பெறுகின்றன.

இந்த முட்கள் காட்டிக்கொடுத்த ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. அஸ்பரஜின், குளூட்டமின் என்று இரண்டு அமினோ அமிலங்கள். அவற்றின் கிளை நுனியில் ஒருபுறம் நைட்ரஜன், மறுபுறம் ஆக்சிஜன். ஒன்றுக்கு 7 எலக்ட்ரான், மற்றதற்கு 8. கதிர்ப் படத்தில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்போல் ஒன்றாகவே தெரியும். ஆய்வாளர் இடம் மாற்றி வைத்துவிட்டால், படத்தைப் பார்த்து எவராலும் பிழை காண முடியாது. ஆனால் நைட்ரஜனுக்கு இரண்டு ஹைட்ரஜன் உண்டு, ஆக்சிஜனுக்கு இல்லை. மாறி நின்றால் அந்த ஹைட்ரஜன்கள் அயலாரை இடிக்கும். நுனியை அரைச் சுற்றுத் திருப்பினால் முட்கள் மறையும். இடித்த இடத்திலேயே ஹைட்ரஜன் பிணைப்புகள் பூக்கும். எத்தனையோ மாதிரிகளில் இப்படித் திருப்ப வேண்டியிருந்தது. தனித்துப் பார்க்கையில் குற்றமற்றது, அயலோடு வைத்துப் பார்க்கையில் பிழை என்று புலப்படுகிறது.

யாப்போடு ஒப்பிட்ட என் உவமை ஓரிடத்தில் முறிகிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். தளை அடுத்தடுத்த சீர்களுக்கே உரியது. புரதத்திலோ, மாலையின் பத்தாவது மணியும் நூறாவது மணியும் மடிப்பினால் அருகருகே வந்து இடித்துக்கொள்ளும். முதல் அடியில் வைத்த ஒரு படிமம் இருபதாம் அடியில் வரும் ஒரு சொல்லோடு இடிப்பதை எந்த அலகிடுதலும் காட்டித்தராது. அதற்குக் காதும் நெஞ்சும் வேண்டும். புதுக்கவிதை எழுதும் நம் நண்பர்கள் தங்களுக்குத் தளையே இல்லை என்று மகிழ்கிறார்கள். இந்தத் தொலைதூர இடிப்பு அவர்களுக்கும் உண்டு.

மதிப்பெண் என்று ஒன்று வந்துவிட்டால், மதிப்பெண்ணுக்காகவே எழுதுவோரும் வந்துவிடுகிறார்கள். கதிர்ப் படம் ஓர் அணு இங்கே இருக்கிறது என்று காட்டும். இடிக்கிறதே என்று அதைப் படத்திற்கு வெளியே தள்ளிவிட்டால் எண் அழகாகும், உண்மை போகும். நாம் இதற்கு வகையுளி என்று பெயர் வைத்திருக்கிறோம்; தளைக்காகச் சொல்லை வெட்டிக் கூறுபோடுவது. கணக்கில் தவறில்லை, பொருள் துடிக்கிறது. மாறாக, படம் ஐயமின்றிக் காட்டுமானால், தகாத கோணத்தில் நிற்கும் ஒரு மணியை அப்படியே விட்டுவிடுவதே நல்ல ஆய்வாளரின் வழக்கமாம். வினை நிகழும் மையங்களில் அத்தகைய நெருக்கடி மெய்யாகவே அமைவதுண்டு. புறவெல்லை என்று ஒன்றை அவர்கள் வைத்ததன் அருமை அங்கே தெரிகிறது.

நெருக்கம் மட்டுமே குற்றம் என்று எண்ணிவிடவும் வேண்டா. 2006 இல் ஒரு பெயர்பெற்ற இதழில் ஒரு புரதத்தின் அமைப்பு வெளியானது. அடுத்த ஆண்டே வேறு அறிஞர்கள் ஐயம் எழுப்பினார்கள். அவர்கள் கண்ட குறைகளில் ஒன்று: படிகத்தின் அடுக்குகள் ஒன்றையொன்று தொடவே இல்லை. தொடாமல் படிகம் எப்படி நிற்கும்? அந்தக் கட்டுரை 2016 இல் திரும்பப் பெறப்பட்டது. சொற்கள் ஒன்றோடொன்று உரசாமல், மிக ஒழுங்காக, மிக வழவழப்பாக அடுக்கப்பட்ட கவிதைகளையும் நான் படித்திருக்கிறேன். இந்த மேடையில் பெயர் சொல்லமாட்டேன்.

இப்போது மாதிரியைக் கணிப்பொறியே ஊகித்துத் தந்துவிடுகிறது. ஆல்ஃபாஃபோல்டு என்னும் அந்த நிரலை ஆக்கியோர் 2024 இல் நோபல் பரிசும் பெற்றார்கள். ஆயினும் அதே ஆண்டில் வந்த அதன் மூன்றாம் வடிவம், சில வேளைகளில் அணுக்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி வைத்துவிடுகிறது என்று ஆக்கியோரே எழுதியிருக்கிறார்கள். சரிபார்க்கும் கண்ணுக்கு இன்னும் வேலை இருக்கிறது.

இனி, முதலில் சொன்ன அந்த இளங்கவிஞர். சில ஆண்டுகளுக்கு முன், நம் மாதக் கூட்டமொன்றில் அவர் ஒரு வெண்பா படித்தார். சிவகங்கைப் பக்கத்துப் பிள்ளை. 'அப்பத்தா விறகடுப்பில்' என்று ஓரிடம் வந்தது. படித்து முடிப்பதற்குள் நான் கையை உயர்த்தினேன். "தம்பி, அங்கே தளை தட்டுகிறது. அப்பத்தா என்பது தேமாங்காய். காய்க்குப் பின் நேர் வர வேண்டும்; உங்களுக்கு நிரை வந்திருக்கிறது. பாட்டி என்று போடுங்கள், மாவுக்குப் பின் நிரை, சரியாகிவிடும்" என்றேன். அவையில் சிலர் பாராட்டினார்கள். அவர் சற்று நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அவுங்க பாட்டி இல்லீங்கம்மா, அப்பத்தா" என்றார். அதன் பின் அவர் கூட்டத்திற்கு வரவில்லை.

நான் சொன்ன இலக்கணத்தில் பிழையில்லை. இன்றும் அலகிட்டுப் பாருங்கள், தட்டத்தான் செய்யும். ஆனால் இடிப்பது எப்போதும் இரண்டு. எதை நகர்த்துவது என்று நான் ஒரு கணமும் எண்ணிப் பார்க்கவில்லை. தந்தையைப் பெற்றவள் என்னும் பொருள் முழுவதையும் தாங்கி, படத்தில் ஐயமின்றித் தெரிந்த அணுவை நகர்த்தச் சொன்னேன். அசைக்க இடமிருந்தது அடுத்த சீரில். 'அப்பத்தா மண்ணடுப்பில்' என்றிருந்தால் காய்க்குப் பின் நேர், இடிப்பு இல்லை, அப்பத்தாவும் அடுப்பங்கரையிலேயே இருந்திருப்பார். இந்தத் திருத்தம் எனக்குத் தோன்ற இயற்பியல் நண்பரும் அந்த இளஞ்சிவப்பு முட்களும் வேண்டியிருந்தன.

இவ்வுரை விழா மலரில் அச்சாகும் என்று செயலாளர் ஐயா சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தம்பியின் இருப்பிடம் அறிந்தவர் யாரேனும் இங்கிருந்தால், மலரின் ஒரு படியை அவரிடம் சேர்ப்பிக்க வேண்டுகிறேன். மண்ணடுப்பு அவருக்குப் பிடிக்காவிட்டால் வேறு சொல்லை அவரே தேர்ந்துகொள்ளட்டும்.